குண்டம்மாவுக்குப் பேர் வைத்தவள்

அக்கா, உங்கள் போனைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பர்ஸில் ஏடிஎம் கார்டு இருந்தால் அதையும். தப்பாக நினைக்காதீர்கள், என் மடியில் இருக்கிற இந்தப் பைக்குள் காந்தம் இருக்கிறது. பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பொம்மைக் காந்தம் இல்லை. இந்தக் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது பாருங்கள். இரண்டு காந்தத் துண்டுகள் சேரும்போது நடுவில் மாட்டிய விரல். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து கெமிஸ்ட்ரிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

கீழே வைக்கலாம்தான். இந்த பஸ் குலுங்குகிற குலுக்கலுக்கு மனசு வரவில்லை. திருநெல்வேலியிலிருந்து மதுரை வரைக்கும் மடிதான். ஒரு வயசுப் பிள்ளையின் கனம் இருக்கிறது. பெற்றவள் சுமக்காமல் வேறு யார் சுமப்பது? ஆமாம், பெற்றவள் நான். பேர் வைத்தவள் வேறொருத்தி. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். உங்களுக்கு விருதுநகரில்தானே இறங்கணும்? நேரம் இருக்கிறது.

என் பேர் செண்பகவல்லி. கோவில்பட்டியா என்று கேட்கப்போகிறீர்கள், கோவில்பட்டிதான். மதுரையில் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பிஎச்.டி. பண்ணுகிறேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்டுவிட்டு எல்லாரும் கொட்டாவி விடுவார்கள். நீங்கள் விடமாட்டீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

சின்ன வயசில் பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதம் எரித்திருப்பீர்கள் இல்லையா? அதே வேலைதான். வெயிலுக்குப் பதில் லேசர். காகிதத்துக்குப் பதில் குழாயிலிருந்து பீச்சியடிக்கிற வாயு. வடக்கே ஒரு பெரிய லேசர் கூடம் இருக்கிறது. கண்ணிமைப்பதற்குக்கூட நேரம் கொடுக்காமல், அத்தனை வெளிச்சத்தையும் ஒரு மயிரிழை அகலத்தில் கொட்டுவார்கள். அந்த அடியில் வாயுவிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு பறக்கும். எவ்வளவு ஆற்றலோடு பறந்தன என்று யார் சொல்வது? இதோ, இந்தப் பை சொல்லும்.

பஸ் ஸ்டாண்டு முக்கில் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் பட்டென்று ஒடித்துத் திரும்பிவிடும். லோடு லாரி அகலமாக வளைத்துத்தான் திரும்பும். ஆற்றல் குறைந்த எலக்ட்ரான் சைக்கிள், கூடினது லாரி. காந்தத்துக்கு நடுவில் புகுந்தால் ஒவ்வொன்றும் தன் தன் தரத்துக்கு வளையும். எதிரே ஒரு நீலத் தகடு வைத்திருப்போம். எது எங்கே வந்து இடித்தது என்று அந்தத் தகடு ஞாபகம் வைத்திருக்கும். இந்த இடத்தில் இடித்தால் இவ்வளவு ஆற்றல் என்று முன்கூட்டியே ஒரு கோடு வரைந்து கையில் வைத்திருக்கணும். தராசுக்கு முத்திரை குத்துகிற மாதிரி. முத்திரை இல்லாத தராசில் தங்கம் வாங்குவீர்களா? மாட்டீர்கள் இல்லையா?

அந்தக் கோட்டைப் போட்டவள் நான்.

சும்மா போடவில்லை அக்கா. இரும்புச் சட்டத்தைப் பட்டறையில் உட்கார்ந்து கடையச் சொல்லி வாங்கினேன். காந்தங்களை என் கையால் பதித்தேன். அப்புறம் அளவெடுப்பு. பென்சில் முனை மாதிரி ஒரு கருவி இருக்கிறது, அதைக் காந்தத்துக்கு நடுவில் ஒரு நூல் அளவு நகர்த்தணும், எண்ணைக் குறிக்கணும், இன்னொரு நூல் நகர்த்தணும், குறிக்கணும். ஐப்பசி கார்த்திகை முழுக்க இதே வேலை. ஃபேனைப் போட்டால் முனை ஆடும் என்று ஃபேன்கூடப் போடமாட்டேன். இந்த விளிம்பில் ஆரம்பித்து அந்த விளிம்பு வரைக்கும் ஓர் இடம் விடவில்லை. விளிம்பு வந்ததும் நிறுத்தினேன். அதற்கு மேல் என்ன இருக்கிறது அளப்பதற்கு? சுற்றி இரும்புக் கூடு. கூடு முடிந்தால் காந்தம் முடிந்தது. வீட்டுக்கு வெள்ளையடிப்பவன் தெருவுக்குமா அடிப்பான்?

அப்போதுதான் வந்து சேர்ந்தாள் பெனிட்டா ஜாஸ்பின். மார்த்தாண்டம் பக்கம். எனக்கு அடுத்த வருஷம் சேர்ந்தவள். வந்த அன்றைக்கு நெஞ்சு நிமிர மேஜையில் உட்கார்ந்திருந்த என் கருவியைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அய்யோ, இது என்னட்டி, குண்டம்மா மாதிரி உக்காந்திருக்கு!" அவ்வளவுதான். கூடம் முழுக்கச் சிரிப்பு. மறுநாளிலிருந்து அது குண்டம்மா. எங்கள் வழிகாட்டி வசுந்தரா மேடம், சிரிக்கவே சிரிக்காத மனுஷி, "குண்டம்மா ரெடியா?" என்று கேட்கிறார். வடக்கேயிருந்து அந்தக் கூடத்துக்காரர்கள் போன் பண்ணும்போது "ஹவ் ஈஸ் குண்டம்மா?" என்கிறார்கள். ஒரு வருஷம் முழுக்க அதற்குப் பேர் இல்லாமல் வைத்திருந்தது என் தப்பா? எனக்கு வேலை இருந்தது அக்கா!

மேடம் அவளை "பெனி" என்றுதான் கூப்பிடுவார். என்னை? "செண்பகவல்லி." முழுசாக. வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி. அவள் ஊருக்குப் போய் வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவருவாள், மேடம் இழுப்பறையில் வைத்துக்கொண்டு கொறிப்பார். நான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொண்டுபோய்க் கொடுத்தால், "எனக்குப் பல்லு சரியில்லம்மா." சிப்ஸைக் கடிக்கும்போது மட்டும் பல் சரியாக இருக்குமா? சொல்லுங்கள், நியாயமா?

பொறாமை என்றா சொல்கிறீர்கள்? நீங்கள் இப்போது சொன்ன நாத்தனார் கதையும் இதுவும் ஒன்றில்லை அக்கா. நீங்கள் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறீர்கள், அவள் உங்களுக்கு எடுத்த புடவையைவிட மற்றவளுக்கு எடுத்தது நல்ல புடவை, அது பொறாமை. இது கொள்கை. உழைத்தவளுக்குப் பேர் கிடைக்கணும் என்பது கொள்கை. இதைப் பற்றி யாரோடு வேண்டுமானாலும் நான் வாதாடத் தயார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்குக் காலையில் மேடம் குண்டம்மாவோடு வடக்கே ரயிலேறுகிறார். லேசர் சுடும்போது உள்ளே உட்கார மாணவருக்கு ஒரே ஒரு நாற்காலிதான் தருவார்களாம். ஒருத்திதான் போகமுடியும். நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் சந்தேகம் எங்கிருந்து வந்தது? போன வாரம் மேடம் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"அளந்து போட்ட கோடு மட்டும் போதாது. தெரிஞ்ச ஆற்றல்ல எலக்ட்ரானை உள்ள விட்டுச் சரிபார்க்கணும். ரெண்டு பேரும் திருநெல்வேலிக்குப் போய்ட்டு வாங்க. செண்பகவல்லி போட்ட கோடு நின்னா செண்பகவல்லி வரட்டும். பெனி அதைத் திருத்த வேண்டி வந்தா, பெனி வரட்டும்."

நான் கேட்டேன், "மேடம், என் கோட்டை எனக்குச் சரிபார்க்கத் தெரியாதா?"

"தன் முதுகைத் தானே பார்க்க முடியுமாம்மா?" என்றார். இது ஒரு பதிலா?

திருநெல்வேலியில் எதற்கு என்கிறீர்களா? அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கிற இயந்திரம் இருக்கிறது. அதிலிருந்து வருவதும் எலக்ட்ரான்தான். என்ன ஆற்றல் என்று பொத்தானில் வைத்தால் அதே ஆற்றல் வரும். ஆறா ஆறு, பன்னிரண்டா பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் கிடையாது. அதனால் இன்றைக்குக் காலையில் போனோம், நான் மதுரையிலிருந்து, அவள் ஊரிலிருந்து. அங்கே அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற ஆல்வின் சார் யார்? அவரும் மார்த்தாண்டம்! போச்சா? இரண்டு பேரும் "எங்க இருந்து மக்கா", "அந்தப் பள்ளிக்கூடமா" என்று ஆரம்பித்தார்கள், நான் குண்டம்மாவைத் தூக்கிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றேன்.

முதலில் பன்னிரண்டில் வைத்துச் சுட்டார்கள். தகட்டை எடுத்துப் படித்தோம். என் கோடு சொன்ன இடத்தில் தழும்பு இல்லை. ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்திருந்தது. கூடுதலாக வளைந்திருக்கிறது. என் கோட்டின்படி பார்த்தால் அது பதினொன்றுகூட இல்லை.

பெனிட்டா அளவுகோலை வைத்துத் தள்ளி விழுந்த தூரத்தைக் குறித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதுதான் எனக்கு எரிச்சல். ஏதாவது சொல்லித் தொலைத்தால் பதில் சொல்லலாம்.

நானே சொன்னேன், "சார், உங்க மெஷின்ல கோளாறு."

ஆல்வின் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நேத்துகூட இதுல முப்பது பேருக்குக் கதிர் குடுத்திருக்கேன். எல்லாருக்கும் தப்பாவா குடுத்தேன்?"

"நான் அப்படிச் சொல்லல சார். ஆனா அதுக்கும் வாய்ப்பு இருக்கு இல்லையா?"

"செம்பா, சும்மா இரிட்டி," என்று பெனிட்டா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். செம்பா! அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பேர் வைக்கணும். வராந்தாவில் நிற்க வைத்துக் கேட்டாள், "நீ வெளிய அளந்தியா?"

"எங்க வெளிய?"

"விளிம்புக்கு அந்தப் பக்கம். எலக்ட்ரான் உள்ள நுழையதுக்கு முந்தியே காந்தம் இழுக்கத் தொடங்கிரும் கேட்டியா. வெளிய போன பொறவும் கொஞ்ச தூரம் இழுக்கும். அதையும் சேத்தாதான் மொத்த வளைவு வரும்."

நான் விட்டேனா? "சுத்தி இரும்புக் கூடு இருக்குடி. கூட்டுக்கு வெளிய எப்படி வரும்? நீ பொண்ணையே நேத்துதான் பார்த்தே, நான் பெத்து வளர்த்திருக்கேன்." இன்னும் நிறையச் சொன்னேன். நேந்திரங்காய் வரைக்கும் போனேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில், "வா, டீ குடிப்போம்" என்றாள். நான் தனியாகவே போய்க் குடித்தேன்.

அந்த டீ நேரத்தில்தான் அக்கா, அந்த ஒரு டீ நேரத்தில், அவள் அந்தப் பென்சில் முனைக் கருவியை எடுத்து விளிம்புக்கு வெளியே அளந்திருக்கிறாள். நான் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அளந்தேன், இவள் ஒரு டீ நேரத்தில். திரும்பி வந்தால் என் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. பன்னிரண்டின் தழும்பு அதில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கோட்டை வளைத்து ஒரு புள்ளியில் உட்கார வைப்பது என்ன பெரிய வித்தை? யாரும் செய்யலாம். அப்புறம் ஆறில் சுட்டார்கள், அதுவும் உட்கார்ந்தது. ஒன்பதில் சுட்டார்கள், அதுவும். தற்செயல் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது இல்லையா?

அது போகட்டும். அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் அநியாயம். அதைக் கேட்டால் நீங்களே கொதித்துப் போவீர்கள்.

"மேடம்ட்ட நான் ஒண்ணும் சொல்லல," என்றாள். "நீயே சொல்லு. குண்டம்மா ஒனக்கப் பிள்ளைதானே. ஒன் கோட்டுலயே இந்தத் திருத்தத்தையும் சேத்து, ஒன் கோடுன்னே குடு. நாளக் கழிச்சு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் இருக்கு, நீ போனா எனக்கும் நல்லதுதான். இல்ல, நான்தான் வரணும்னு ஒனக்குத் தோணிச்சின்னா சாயங்காலத்துக்குள்ள ஒரு போன் பண்ணு, ராத்திரி பஸ் பிடிச்சு வந்திருதேன்."

கேட்டீர்களா? விட்டுக்கொடுக்கிறாளாம்! விட்டுக்கொடுப்பதற்கு அது என்ன அவள் அப்பா வீட்டு நாற்காலியா? திருத்தத்தை நான் வாங்கிக்கொண்டால் அவள் போட்ட பிச்சையில் போனவள் ஆவேன். வாங்காமல் பழைய கோட்டோடு போனால், அங்கே ஒவ்வொரு எலக்ட்ரானையும் குறைத்துக் குறைத்து மதிப்புப் போடுவேன் என்று... அதாவது, அவள் சொல்வது உண்மையாக இருந்தால். மேடத்திடம் உள்ளதைச் சொன்னால் நாற்காலி அவளுக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்தான் நிற்கிறாள். இதற்குப் பேர் நல்ல மனசு இல்லை அக்கா, சூழ்ச்சி. படு மோசமான சூழ்ச்சி.

இன்னும் கேளுங்கள். ஊருக்குத் திரும்பும் முன் என்னை பஸ் ஏற்றிவிட வந்தவள், என் கையில் ஒரு பொட்டலம் திணித்தாள். மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்மந்தியும், அதாவது அவர்கள் ஊர்த் துவையல். "நீ மீன் திங்கமாட்டல்லா, அதான் சம்மந்தி அரைக்கச் சொன்னேன். அம்மை காலம்பற எந்திரிச்சு அவிச்சது, கெட்டுப்போறதுக்குள்ள தின்னு." மேலே சாமான் தட்டில் என் தோள்பைக்குள் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கப்போவதும் இல்லை. பசிக்கவில்லை. காலையில் குடித்த டீ போதும்.

மதுரை மாட்டுத்தாவணியில் மேடம் காரோடு நிற்பார். பையை வாங்கிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார், "கோடு நின்னுச்சா?" நின்றது என்று சொல்லலாம் என்றுதான் முடிவு பண்ணியிருக்கிறேன். பொய் இல்லையே. என் கணக்குப்படி நின்றது. கூட்டுக்கு வெளியே காந்தம் இல்லை என்பது என் நிலைப்பாடு.

என்ன கேட்டீர்கள்? அப்போ போனை எதற்குத் தள்ளி வைக்கச் சொன்னேன் என்றா? அது வேறு அக்கா. அது முன்னெச்சரிக்கை. ஆய்வுக்கூட விதி. எல்லாரும் சொல்வார்கள், நானும் சொன்னேன்.

பார்க்கிறீர்களா? தாராளமாகப் பாருங்கள். சாத்தூர் வரப்போகிறது போலிருக்கிறது, வெள்ளரிக்காய்க்காரர்கள் ஓடி வருகிறார்கள். ஒரு நிமிஷம், ஜிப்பைத் திறக்கிறேன். துண்டை விலக்கினால் தெரியும். இதுதான் குண்டம்மா. நன்றாக இருக்கிறாளா? இந்தக் கறுப்பு இரும்புதான் கூடு. நடுவில் இந்தச் சந்து வழியாக எலக்ட்ரான் நுழையும். எங்கே? ஆமாம், நீங்கள் விரல் காட்டுகிற இடம்தான். தொடவேண்டாம், அங்கேயே...

அக்கா, கையை ஆட்டாதீர்கள்.

அப்படியே வைத்திருங்கள். உங்கள் வளையலில் தொங்குகிறதே அந்த ஊக்கு, பஸ் குலுக்கலிலா சாய்கிறது? இல்லை. பஸ் நின்றுவிட்டது. நின்றுவிட்டது, இல்லையா? கொஞ்சம் பின்னால் இழுங்கள். தொங்குகிறது. இப்போது முன்னால். சாய்கிறது. நாலு விரல். நாலு விரல் தூரத்திலேயே சாய்கிறது. கூடு இங்கே முடிகிறது, ஊக்கு அங்கே இருந்தே சாய்கிறது.

வேண்டாம், வெள்ளரிக்காய் வேண்டாம். நீங்கள் வாங்குங்கள்.

அந்த ஊக்கை வளையலோடு ஒரு நூலில் கட்டி... நூல் இல்லை. சரி, வளையலே போதும். அக்கா, இன்னொரு தடவை கையைக் கொண்டுவாருங்கள். இன்னும் மெதுவாக. பக்கவாட்டில். இந்தப் பக்கம் குறைவு. வாசல் பக்கம்தான் அதிகம். வெளியே போகிற பக்கமும் பார்த்துவிடலாம், பையைத் திருப்புகிறேன். கை வலிக்கிறதா? ஒரே ஒரு தடவை. விருதுநகர் வரைக்கும் நேரம் இருக்கிறது.

ஐந்து விரல். இந்தப் பக்கம் ஐந்து விரல்.

நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில், விரலால் அளந்ததெல்லாம் அளவா? நான் ஒரு ஆராய்ச்சி மாணவி.

மணி என்ன ஆகிறது? ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பணும் என்றால் அவளுக்கு வீட்டிலிருந்து வருவதற்கே நேரம் பிடிக்கும். மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கிடைக்காது என்று எப்போதும் புலம்புவாள்.

அக்கா, நீங்கள் கொஞ்சம் எட்டுவீர்களா? மேலே தட்டில் அந்தப் பச்சைத் தோள்பை. முன் ஜிப்பில் என் போன் இருக்கிறது. காந்தத்துக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று நான்தான் மேலே போட்டேன். பொட்டலம் பக்கத்தில் இருக்கும், நசுக்கிவிடாதீர்கள்.

அவளைக் கூப்பிடுவதில் எனக்கு ஒன்றும் பயம் இல்லை. "நீ வா, உன் கோடுதான் நிக்குது" என்று நாலு வார்த்தை. சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு மேடம் அவளைப் பெனி என்று கூப்பிட்டுக்கொண்டே டில்லி வரைக்கும் போகட்டும், குண்டம்மா அவள் மடியில் உட்கார்ந்து போகட்டும், நான் மாட்டுத்தாவணியில் நின்று கையாட்டுகிறேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் போனை எடுத்ததும் அந்தக் கழுதை முதல் கேள்வியாக, "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்பாள் பாருங்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக் கொடுங்கள் அக்கா.